மருதாணி என்று எழுதியிருந்தது

– ஒரு கொம்பியூட்டருக்கு ஒராள்தான் பிள்ளை. கதிரையும் ஒண்டுதான் கிடக்கு. உங்களோட வந்தவவை வெளியில வாங்கில இருக்கச் சொல்லுங்கோவன்.

– இல்ல ரோகினி அக்கா, அவங்களுக்குத்தான் இதக் காட்டணும். அவங்க கைக்கு உள்ள விசயம்.

– ஆர் அவ? உங்கட ஆளோ?

– அவங்க... எங்க பக்கத்து வீட்டுல இருக்கிறவங்க அக்கா. மணிக்கட்டு ஒடஞ்சு, மாவுக்கட்டுப் பிரிச்சும் வெரலு சரியா வேல செய்யல. நான் கொழும்புல அதத்தானே படிக்கிறேன்.

– ஓம், ஓம். ஏலாமப் போன ஆக்களைத் திரும்பத் தங்கட வேலையைச் செய்யப் பழக்கிற படிப்பு. போன லீவிலயும் சொன்னனீங்கள். சரி, உந்த மழைக்குள்ள அவவை வெளியில விடவும் ஏலாது. அம்மா, இந்தாங்கோ ஸ்டூல். இருங்கோ.

– வேணாங்க. நான் நின்னுக்கிறேன். பொழுதுக்கும் மலையில நிக்கிற காலுதானுங்க.

– இல்லை அம்மா, இருங்கோ. நிண்டால் பின்னால இருக்கிற ஆளுக்கு வெளிச்சம் மறைக்கும். பிள்ளை, டெலிபோன் அடிச்சால் லைன் விட்டிடும். பயப்பிடாம என்னைக் கூப்பிடுங்கோ.

– சரிக்கா.

– ...போயிட்டாங்களா, லோஜி?

– போயிட்டாங்க. மெதுவாப் பேசும்மா.

– மெதுவாத்தான் பேசுறேன். பக்கத்து வீடுன்னா எந்தப் பக்கம்? ராக்காயி வீட்டுப் பக்கமா, தேயிலக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கமா?

– அம்மா...

– சும்மாதான் கேட்டேன். நீ படிக்கிற எடம், நீ பழகுற சனம். நமக்கென்னா தெரியும். காட்டு, எங்க இருக்கு ஏங் கையி?

– ஒரு நிமிசம்மா. தொறக்குது. இந்தா, நான் சொன்ன வெப்சைட் இதுதான். இந்தப் பக்கம் எங்கள மாதிரி படிக்கிற புள்ளைங்களுக்கு. எந்த நரம்பு எந்த வெரலுக்குப் போகுது, எந்த எலும்பு ஒடஞ்சா எது மடங்காது, எல்லாம் படமாப் போட்டிருக்கும். எங்க காலேஜ் புத்தகமெல்லாம் எங்க டீச்சருங்க படிச்ச காலத்துப் புத்தகம்மா. இது இல்லாட்டி எங்க பாடு திண்டாட்டந்தான். இந்தப் பக்கம் கை கால் ஏலாதவங்களுக்கு. அவங்க வீட்டுலயே பாத்துச் செய்யலாம்.

– இந்த வெள்ளக்காரம்மா என்னா பண்ணுது? பலகையில ஆணியடிச்சு வச்சிருக்கு?

– அவங்களுக்கு ஒரு கை வெளங்காது. உருளக்கெழங்க அந்த ஆணியில குத்தி வச்சுட்டு ஒத்தக் கையாலயே தோல் சீவுறாங்க.

– ஆத்தாடி! கெட்டிக்காரி. இத நம்ம செல்லசாமி பொஞ்சாதிக்கு காட்டணும். அவளுக்கும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, பாவம், மருமகதான் எல்லாம் செஞ்சு குடுக்குது.

– காட்டலாம்மா. அச்சடிச்சே எடுத்துக்கிட்டுப் போவோம். இந்தா, இதுதான் ஓங் கை.

– ...இவ்வளவு பெருசாவா போட்டிருக்க?

– அமுக்குனா இன்னும் பெருசாகும்.

– வேணாம், வேணாம். கறையெல்லாம் தெரியுது பாரு. வெரலு வெடிப்புக்குள்ள எல்லாம் கருப்பு. நீ கேமராவத் தூக்கிக்கிட்டு வந்தப்பவே சொல்லியிருந்தா எலுமிச்சங்காய வெட்டித் தேச்சுட்டு வந்திருப்பேனே. இத எத்தன பேரு பாப்பாங்க?

– உலகம் முழுக்க. எங்க வகுப்புப் புள்ளைங்களும் பாப்பாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு ஆளப் பத்தி இங்க எழுதணும்னு எங்க டீச்சரு சொல்லியிருக்காங்க. எழுதுனா மத்த நாட்டுல இருக்கிற பெரிய டீச்சருங்க பாத்து, இப்பிடிச் செய்யி, அப்பிடிச் செய்யின்னு பதில் போடுவாங்க. ஒனக்கு நான் எழுதிக் குடுத்த பயிற்சியெல்லாம் அவங்க சொன்னதுதான்.

– துண்ட முறுக்கிப் பிழியிறது, மாவு பிசையுறது, உடுப்புக் கிளிப்ப அமுக்குறது. அதெல்லாமா?

– அதெல்லாந்தான்.

– ஆறு வாரமும் செஞ்சேன் லோஜி. ஒரு நாள் விடல. ராக்காயி கூட சிரிச்சா. காஞ்ச துண்டப் போயி ஏண்டி இந்தப் பிழி பிழியிறேன்னு.

– அப்புறம் ஏம்மா பெருவெரலு இன்னும் வீங்கியிருக்கு? அதுதான் எனக்கு வெளங்கல. வெள்ளிக்கெழம வந்ததுல இருந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். மாசக் கடைசியோட டொக்டர் மாத்தயா குடுத்த லீவுச் சீட்டு முடியுது. அதுக்கு மேல போயி கொழுந்து எடுக்கலன்னா தோட்டத்துல ஓம் பேர வெட்டிருவாங்க. நம்ம வீட்டுல பேரு உள்ளது நீ ஒருத்திதானே? பேரு போனா நாம இருக்கிற லயத்துக் காம்பிராவயும் விடச் சொல்லுவாங்க.

– தெரியும்.

– இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள சரியான பயிற்சியப் புடிச்சிறணும். அதுக்குத்தான் ஒன்னய ஹட்டனுக்கு இழுத்துக்கிட்டு வந்தேன்.

– ம்.

– என்னம்மா?

– ஒண்ணுமில்ல. நீ பாரு.

– ரோகினி அக்கா! ரெண்டு பக்கம் அச்சடிக்கணும்!

– பேப்பர் முடிஞ்சுது பிள்ளை. நான் கடையை விட்டிட்டுப் போகேலாது. முன்னுக்கு அழகுமுத்துவின்ர கடையில ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ஓடி வாறியளோ?

– சரிக்கா, நான் போயிட்டு வாறேன். நீங்க... நீங்க இங்கயே இருங்க. எதையும் தொட்டுறாதீங்க.

– தொடல. போயிட்டு வா.

– நல்ல பிள்ளை. லீவில வந்தாலும் படிப்புத்தான். நீங்கள் எந்தத் தோட்டம் அம்மா?

– பூண்டுலோயாவுக்கு மேலங்க.

– வேலைக்குப் போறனீங்களோ?

– இருவத்தாறு வருசமா கொழுந்துதானுங்க எடுத்தேன். மார்கழி மழையில அஞ்சாம் நம்பர் மலையில சறுக்கி, தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்துட்டேன். கூடையோட விழுந்தேன், கைய ஊண்டிட்டேன்.

– ஐயோ. கை ஊண்டினால் முறியத்தானே செய்யும்.

– ஏங்க, ஒரு ஒத்தாச. அந்தப் புள்ள ஏங் கைக்குப் பக்கத்துல என்னமோ நெறைய எழுதியிருக்கு. எனக்கு இங்கிலீசு தெரியாது. என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்றீங்களா?

– அதுக்கென்ன. இஞ்ச பாருங்கோ. நாற்பத்தெட்டு வயசு. வலது கை மணிக்கட்டு முறிஞ்சது. சரியே?

– சரிங்க.

– பெருவிரலும் சுட்டுவிரலும் சேராது. சிறு பொருள்களைப் பிடிக்கக் கஷ்டம். தொழில்... ம்? தொழில், குடும்பப் பெண். வீட்டோட இருக்கிறவ எண்டு கிடக்கு. நீங்கள் தோட்டத்தில எண்டெல்லே சொன்னீங்கள்?

– ஆமாங்க. மேல வாசிங்க.

– பிள்ளை மாறிப் போட்டுட்டுது போல. கீழ கனடாவில இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறா. விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கே, இரத்த ஓட்டம் குறைவோ, வைத்தியருக்குக் காட்டினீங்களோ எண்டு. நல்ல மனுசி. பயந்து போய்க் கேட்டிருக்கிறா.

– அதுக்கு அந்தப் புள்ள என்னா சொல்லியிருக்கு?

– அது வந்து... மருதாணி எண்டு எழுதியிருக்கு.

– மருதாணியா?

– ஓம். ஒரு கலியாண வீட்டுக்குப் போட்டது, நாட்பட்டுக் கறுத்துப் போச்சு எண்டு.

– ...ஏங்க, எனக்குக் கலியாணம் நடந்தப்பவே யாரும் மருதாணி வைக்கலைங்க. அது கொழுந்துப் பாலு. எத்தன சவுக்காரம் போட்டாலும் போகாது. சரி, வேற என்னா இருக்கு?

– வேற ஒண்டும் பெரிசா இல்லை. எழுதிற ஆளுக்கும் நோயாளிக்கும் என்ன உறவு எண்டு ஒரு கேள்வி. உறவு இல்லை, அயல் வீட்டுக்காரி எண்டு போட்டிருக்கிறா. அது சரிதானே?

– சரிதாங்க. அப்பிடித்தானே ஒங்ககிட்டயும் சொல்லிச்சு.

– உங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?

– ஒரு பொண்ணு இருக்குங்க. படிக்குது.

– எங்க?

– கொழும்புல.

– ...அம்மா, உங்கட பேர் என்ன?

– நாகலெட்சுமிங்க.

– இந்தப் பிள்ளை போன லீவில இஞ்ச ஒரு படிவம் நிரப்பேக்க நான்தான் பக்கத்தில நிண்டனான். நாகலெட்சுமி எண்டுதானே தாயின்ர பேர்...

– அக்கா, பேப்பர் வாங்கிட்டேன். நல்லா நனஞ்சுட்டேன், பேப்பர் நனையல.

– தாங்கோ பிள்ளை. நான்... நான் போய் மெசினுக்குள்ள வைக்கிறன். நீங்கள் கதையுங்கோ.

– ஏம்மா இப்பிடி இருக்க? கை வலிக்குதா?

– இல்ல. ஒக்காரு.

– ஏன் அந்தப் பக்கம் தொறந்திருக்கு? அது... யாரும்மா தொறந்தது?

– நாந்தான் வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவளுக்கு ஏங் கையப் பத்தி என்னா எழுதியிருக்குன்னு தெரிஞ்சிக்க ஆச வராதா?

– எல்லாத்தையும் வாசிச்சாங்களா?

– மருதாணி வரைக்கும் வாசிச்சாங்க. அதுக்கப்புறம் அயல் வீட்டுக்காரி வரைக்கும் வாசிச்சாங்க.

– அம்மா, பேரு போடக்கூடாதுங்கிறது சட்டம்மா. மூஞ்சியும் காட்டக்கூடாது. நோயாளி யாருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு...

– பேரு போட வேணாம். மூஞ்சியும் வேணாம். ஏம் மூஞ்சிய யாரு பாக்கப்போறா? அம்மான்னு ஒரு வார்த்த போடுறதையும் சட்டம் தடுக்குதா?

– ...இல்ல.

– அப்ப?

– மொத வாரம் எங்க வகுப்புல ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வீட்டப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. ஒருத்தியோட அப்பா எஞ்சினியரு. ஆர்த்திகாவோட அம்மா டீச்சரு. இன்னொருத்தி வீட்டுல மருந்துக்கடை. என் முறை வந்துச்சு. ஹட்டன்னு சொன்னேன். டவுனான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். அம்மா என்ன செய்றாங்கன்னு கேட்டாங்க. வீட்டோட இருக்காங்கன்னு வாய் தன்னால சொல்லிருச்சும்மா. ஒருக்கா சொன்னதுக்கப்புறம் அதக் காப்பாத்தவே ரெண்டு வருசமா ஓடிக்கிட்டிருக்கேன். இங்க ஓங் கையப் போடறப்ப, தோட்டம்னு எழுதுனா எல்லாரும் இது யாருன்னு கேப்பாங்க, எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க. அதான்.

– தோட்டத்துப் புள்ளைன்னா அங்க என்னா சொல்லுவாங்க?

– என் முன்னாடி யாரும் எதுவும் சொல்லலம்மா. வேற ஒரு புள்ளையப் பத்திப் பின்னாடி பேசிச் சிரிச்சாங்க. நானும் அங்க இருந்தேன்.

– நீயும் சிரிச்சியா? சரி. கேக்கல, விடு.

– சிரிச்சேன்மா.

– ம்.

– திட்டும்மா. இப்பிடி ம் போடாத. அது தாங்க முடியல.

– எதுக்குத் திட்டணும்? எனக்கும் வெக்கந்தான். ஒன்னய ஏழாம் வகுப்புல பெரிய பள்ளிக்கூடத்துல சேக்க வந்தப்ப, கைய முந்தானைக்குள்ள மறச்சுக்கிட்டுத்தான் அதிபர் முன்னாடி நின்னேன். அத நீயும் பாத்த. வெக்கப்படறதுக்கு நாந்தானே ஒனக்கு மொதல்ல கத்துக் குடுத்தேன்.

– இது அது இல்லம்மா. நீ கேளு. எங்க படிப்புல மொத நாள் மொதப் பாடம் என்னன்னு தெரியுமா? ஒருத்தர் கையப் பாக்குறதுக்கு முன்னாடி, இந்தக் கை என்ன வேல செஞ்ச கைன்னு கேக்கணும். அதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. தையக்காரருக்கு ஒண்ணு, டிரைவருக்கு ஒண்ணு. நான் அதையே மாத்திப் போட்டேன். வீட்டோட இருக்கிறவங்கன்னு நெனச்சு அந்த வெளிநாட்டு டீச்சருங்க ரொட்டிக்கு மாவு பிசையவும் துணி பிழியவும் பயிற்சி சொல்லியிருக்காங்க.

– அது தப்புப் பயிற்சியா?

– அவங்க சொன்னது தப்பில்ல. நான் சொன்னதுதான் தப்பு. ஒரு நிமிசம்மா, இரு. இது வரைக்கும் நான் இதுல ஒரு வாட்டி கூட தேயிலைன்னு அடிச்சுப் பாக்கல. யாராவது பின்னாடி நின்னு பாத்துருவாங்களோன்னு அடிக்கவேயில்ல. இப்ப அடிக்கிறேன்.

– என்னா வருது?

– தேயிலைக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. இரு, இரு. பறிக்கிறவங்க... திராட்சை பறிக்கிறவங்க, ஸ்ட்ரோபெரி பறிக்கிறவங்க. அம்மா, ஒரு முழுப் பக்கமே இருக்கும்மா! படத்தோட இருக்கு. ரோகினி அக்கா, இந்தப் பக்கத்தையும் அச்சடிங்க! இந்தா பாரும்மா, ரெண்டு வெரலாலக் கிள்ளுற மாதிரியே. இது இங்கயேதான் இருந்திருக்கு. ரெண்டு வருசமா இங்கயே இருந்திருக்கு.

– அழாத. அந்தம்மா பாக்குறாங்க. என்னா போட்டிருக்குன்னு வாசி.

– பெருவெரலுக்கு ஒரு பட்டி போடணுமாம். மணிக்கட்ட மடக்காம நேரா வச்சுக் கிள்ளிப் பழகணும். மொதல்ல பஞ்சு, அப்புறம் மெல்லிசான எல, அதுக்கப்புறந்தான் காம்பு. சுமைய ஒத்தத் தோளுல போடக்கூடாது. முறுக்கிப் பிழியிற வேல...

– பிழியிற வேல?

– பிழியிற வேல கூடவே கூடாதுன்னு போட்டிருக்கு. பெருவெரல் நரம்பு உறை வீங்கிருமாம்.

– ...அதான் வீங்கிச்சா.

– நாந்தாம்மா வீங்க வச்சேன். கானுக்குள்ள விழுந்தது ஒடச்சது, நான் எழுதுனது வீங்க வச்சது. எனக்கு ஓம் மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு. முந்தி ஒன்னய நெனச்சு வெக்கப்பட்டேன். இப்ப என்னய நெனச்சு.

– வேற என்னா போட்டிருக்கு? முழுசா வாசி.

– கடைசியா ஒண்ணு. கை கொஞ்சம் சரியான ஒடனே பழையபடி முழு நாள் வேலைக்குப் போயிறக் கூடாதாம். மொத வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிசம், அப்புறம் அர மணித்தியாலம், அப்பிடித்தான் ஏத்தணுமாம். முழுசாப் போனா மறுபடி மொதல்ல இருந்து தொடங்கணும்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு.

– அப்பிடியா போட்டிருக்கு?

– ஆமா. இத நான் ஒனக்குச் சொல்லவேயில்லையே. ஆறு வாரம் செஞ்சா சரியாயிரும்னு மட்டுந்தான் எழுதிக் குடுத்தேன். நல்லவேள, நீ இன்னும் மலைக்குப் போகல.

– பிள்ளை, அச்சடிச்சாச்சு. அம்மாவுக்குப் படம் வடிவாத் தெரியட்டும் எண்டு பெரிசா எடுத்திருக்கிறன். ரெண்டு பிளேன்டீயும் சொல்லியிருக்கிறன், குடியுங்கோ.

– ரோகினி அக்கா...

– என்ன பிள்ளை?

– இவங்க பக்கத்து வீடு இல்ல அக்கா. எங்க அம்மா.

– தெரியும் பிள்ளை. கடைக்கு வாற ஆக்களிட்ட நானும் என்ர புருசன் வெளிநாட்டில எண்டுதான் சொல்லிறனான். அவர் வவுனியாவில வேற குடும்பத்தோட இருக்கிறார். டீ ஆறப் போகுது. நான் அங்கால நிக்கிறன்.

– ...அம்மா, நான் இப்பவே மாத்தி எழுதப்போறேன். ஒவ்வொண்ணா ஒனக்கு வாசிச்சுக் காட்டுறேன். தொழில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், இருபத்தாறு வருடம். சரியா?

– எழுது.

– விரல் நுனியில் இருப்பது மருதாணி அல்ல. தேயிலைக் கொழுந்தின் கறை. முன்பு பொய் எழுதியதற்கு மன்னிக்கவும்.

– மன்னிப்பெல்லாம் எதுக்கு, அவங்க என்னா நெனப்பாங்க?

– நெனைக்கட்டும். உறவு, என் அம்மா. அனுப்புறேன்மா. எங்க வகுப்பு முழுக்கப் பாக்கும். ஆர்த்திகாதான் மொதப் பாப்பா. பாக்கட்டும். அனுப்பிட்டேன்.

– போயிருச்சா?

– போயிருச்சு. கனடாவுக்கும் போயிருச்சு. நாளைக்குக் காலையில இருந்து தொடங்குவோம். பட்டிக்கு நான் இன்னைக்கே துணி வெட்டித் தச்சுத் தாறேன். பதினெட்டு நாள்ல முழுசாச் சரியாகாட்டியும், டொக்டர் மாத்தயாகிட்டப் போயி இந்தப் பேப்பரக் காட்டி, இன்னும் ஒரு மாசத்துக்குச் சீட்டுக் கேப்போம். நானே வந்து இங்கிலீசுல பேசுறேன். பேர வெட்ட விடமாட்டேன். ஏம்மா டீயக் குடிக்காம வச்சிருக்க?

– எழுதுனத மறுபடி தொறக்க முடியுமா, லோஜி?

– முடியும். ஏன்?

– அம்மாங்கிறது இருக்கட்டும். கறைய எழுதுனதும் இருக்கட்டும். தொழிலு மட்டும் நீ மொதல்ல போட்ட மாதிரியே, வீட்டோட இருக்காங்கன்னே போட்டுரு. ஆறு வாரத்துல சரியாயிரும்னு நீ எழுதியிருந்தியே, ஏழாவது வாரம் மொத நாளே டொக்டர் மாத்தயா குடுத்த லீவுச் சீட்டத் திருப்பிக் குடுத்துட்டு, கை சரியாயிருச்சுன்னு சொல்லி மலையில ஏறிட்டேன். மூணு நாளு எடுத்தேன், கூடையில பாதிகூட நெறயல. போன திங்கக்கெழம விடியக்காலம் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல எல்லாப் பேரையும் வாசிச்சாங்க, ஏம் பேர வாசிக்கல.